கொள்வன் கொல்லோ: கடவுளை அறிய முடியுமா?

ஊத்தங்கரைக்கும் அரூருக்கும் நடுவில் எங்கள் ஊர். ஏரிக்கரையில் ஒரு புங்க மரம், அதன் அடியில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பலகைக் கல். கல்லில் ஓர் ஆள் செதுக்கப்பட்டிருக்கிறான். ஒரு கையில் வில், மறு கையில் வாள். எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறி முகம் மழுங்கிப் போயிற்று. எங்களுக்கு அவர் வேடியப்பன். வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் வைத்து, கிடா வெட்டி, ஒரு சின்ன டம்ளரில் சாராயம் ஊற்றி அவர் காலடியில் வைப்பார்கள். எனக்கு எட்டு வயதிருக்கும். ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கேட்டேன்: "ஆயா, சாமி இதைக் குடிக்குமா?" ஆயா யோசிக்காமல் சொன்னாள்: "யாரு கண்டா கண்ணு? வெக்கறது நம்ம கடமை."

கல்லூரியில் புறநானூற்றின் 232-ஆம் பாட்டைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்துவிட்டான். அவனுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றுகிறார்கள். அவனுடைய தோழி ஔவையார் அதைப் பார்த்துப் பாடுகிறார்: 'நடுகல் பீலி சூட்டி நாரரி சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ, கோடுயர் பிறங்குமலை கெழீஇய நாடுடன் கொடுப்பவும் கொள்ளா தோனே.' மலையோடு சேர்த்து ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா? அதே மண், அதே மாதிரி ஒரு கல், நான் கேட்ட அதே கேள்வி.

அந்தக் 'கொல்லோ'வைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தொல்காப்பியம் இடையியலில் இரண்டே சொல்லில் அதற்கு இலக்கணம் சொல்கிறது: 'கொல்லே ஐயம்'. ஐயத்தைச் சொல்வதற்கென்றே தமிழில் ஓர் இடைச்சொல் இருந்திருக்கிறது. 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ' என்று திருக்குறளின் காமத்துப்பால் தொடங்குவதும் இதே சொல்லோடுதான். 'ஏற்றுக்கொள்வான்' என்று சொல்ல ஔவையாருக்கு வாய் வரவில்லை. 'ஏற்க மாட்டான்' என்றும் வரவில்லை. கள்ளை ஊற்றாதீர்கள் என்றும் அவர் யாரையும் தடுக்கவில்லை.

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 வரை ஒரே மாவட்டம். தமிழ்நாட்டில் நடுகற்கள் செறிந்து கிடைக்கும் பகுதிகளில் ஒன்று இது. கவர்ந்து போன மாட்டு மந்தையை மீட்டுச் செத்தவன், ஊரைக் காத்துச் செத்தவன், புலியோடு போராடிச் செத்தவன் என்று ஆளுக்கொரு கல். சில கற்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. மிச்சமிருப்பவை வரப்பிலும் ஏரிக்கரையிலும் வேடியப்பனாக நிற்கின்றன. 'கல்லே பரவின் அல்லது நெல்லுகுத்துப் பரவும் கடவுளும் இலவே' என்கிறது புறநானூற்றின் 335-ஆம் பாட்டு. போரில் விழுந்தவனின் கல்லைத் தவிர, நெல் தூவி வணங்க வேறு கடவுள் இல்லையாம். மனிதன் கடவுளாகிற வழியைக் கண்ணால் பார்க்கக்கூடிய மண்ணில் பிறந்தவனுக்கு, கடவுளை அறிய முடியுமா என்பது புத்தகத்தில் மட்டும் வரும் கேள்வி இல்லை.

சொல் பிறந்த இடம்

இந்த மனநிலைக்கு ஐரோப்பாவில் 1869-இல் ஒரு பெயர் கிடைத்தது. பெயர் வைத்தவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. இங்கிலாந்தின் உயிரியலாளர், டார்வினின் கொள்கைக்காக ஊரறிய வாதாடியவர். லண்டனில் மெட்டாபிசிக்கல் சொசைட்டி என்று ஒரு விவாதச் சங்கம் இருந்தது. பாதிரியார்களும் அறிவியலாளர்களும் தத்துவம் பேசுகிறவர்களும் அதில் உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு கொள்கைப் பெயர் இருந்தது. ஹக்ஸ்லிக்கு எந்தப் பெயரும் பொருந்தவில்லை. ஆதிக் கிறிஸ்தவத்தில் 'எங்களுக்கு மறைஞானம் கிட்டிவிட்டது' என்று சொல்லிக்கொண்ட நாஸ்டிக் பிரிவினர் இருந்தார்கள். தனக்கு அப்படி எதுவும் கிட்டவில்லை என்று சொல்ல, 'அக்னாஸ்டிக்' என்ற பெயரை ஹக்ஸ்லி உண்டாக்கிக்கொண்டார். கிரேக்கத்தில் க்னோசிஸ் என்றால் அறிவு. முன்னால் ஓர் 'அ' சேர்ந்தால் அது இல்லாத நிலை. நாம் ஞானம், அஞ்ஞானம் என்பது மாதிரிதான். இரண்டுக்கும் வேர்ச்சொல்லும் ஒன்றே.

பெயர் 1869-இல் வந்தது என்றாலும், அந்த மனநிலை ஒன்பது வருஷத்துக்கு முன்பே, ஒரு சாவு வீட்டில், தெளிவாக வெளிப்பட்டுவிட்டது. 1860 செப்டம்பரில் ஹக்ஸ்லியின் மூத்த மகன் நோயல் ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தான். நான்கு வயதுகூட முடியவில்லை. பாதிரியாரும் எழுத்தாளருமான சார்லஸ் கிங்ஸ்லி ஆறுதல் சொல்லிக் கடிதம் எழுதினார். ஆன்மா அழியாது, மகனை மறுபடி பார்க்கலாம் என்பதுதானே அந்தக் காலத்து ஆறுதல்? ஹக்ஸ்லி எழுதிய நீண்ட பதிலின் சாரம் இது: மனிதன் சாவுக்குப் பின்னும் இருக்கிறான் என்பதை நான் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. நம்புவதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. தவறென்று காட்டவும் என்னிடம் வழி இல்லை. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்பதற்காக ஒன்றை உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடக்கத்தின்போது வாசித்த வேத வசனம் அவரைக் கொதிக்க வைத்ததாம். 'மரித்தோர் எழுந்திராவிட்டால் புசிப்போம், குடிப்போம், நாளைக்குச் சாவோம்' என்று வரும் பவுலின் வாக்கு. மறுமை இல்லை என்றால் மனிதன் மிருகமாகிவிட வேண்டுமா, துக்கத்திலும் நேர்மையாக நிற்க முடியாதா என்பது அவர் கேள்வி. 'இல்லாகியரோ காலை மாலை', இனிக் காலையும் மாலையும் எனக்கு இல்லாமல் போகட்டும் என்று அந்த 232-ஆம் பாட்டைத் தொடங்கும் ஔவையாரும் துக்கத்தின் அதே இடத்தில்தான் நிற்கிறார். துக்கத்தின் உச்சியில் எந்த ஆறுதலையும் பிடித்துக்கொள்ளத் தோன்றும். அங்கே நின்றுகொண்டு 'தெரியவில்லை' என்று சொல்ல மிகுந்த மனத்திடம் வேண்டும். அறியவில்லை என்பவரைச் சோம்பேறிச் சிந்தனையாளர் என்று பேசுகிறவர்கள் இந்தக் கடிதத்தை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

பின்னால், 1889-இல் எழுதிய கட்டுரையில் ஹக்ஸ்லி இன்னும் தெளிவாகச் சொன்னார். இது ஒரு சமயக் கோட்பாடு இல்லை, ஒரு முறை. அறிவு எவ்வளவு தூரம் அழைத்துப் போகிறதோ அவ்வளவு தூரம் போக வேண்டும். நிரூபிக்கப்படாத முடிவை உறுதியானது போலக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான். டார்வினும் 1879-இல் ஒரு கடிதத்தில், தன் மனநிலைக்கு இந்தப் பெயர்தான் பொருத்தம் என்று எழுதினார்.

தமிழில் இதை அறியொணாக் கொள்கை என்றும் அறியவியலாமைக் கொள்கை என்றும் எழுதுகிறோம். எதுவும் பேச்சில் ஒட்டவில்லை. ஆத்திகம், நாத்திகம் என்ற இரண்டு பெயரும் சந்தைக்கடை வரை வந்துவிட்டன. மூன்றாவது நிலைக்கு எங்கள் பக்கத்தில் புழங்கும் சொல் 'யாரு கண்டா' என்பதுதான்.

நம்புவது வேறு, அறிவது வேறு

இந்த விஷயத்தில் ஏற்படும் குழப்பத்தில் பாதி, நம்பிக்கையையும் அறிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிறது. 'கடவுள் உண்டு என்று நம்புகிறாயா?' என்பது ஒரு கேள்வி. 'உண்டா இல்லையா என்று உனக்குத் தெரியுமா?' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் ஒருவர் சொல்லலாம். என் ஆயா அப்படித்தான். கல்லைக் கும்பிடாமல் விதைக்க மாட்டாள். ஆனால் சாமி குடிக்குமா என்று கேட்டால் யாரு கண்டா என்பாள். அதேபோல, கடவுளை நம்பாமல் இருந்துகொண்டே, இல்லை என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை என்கிறவரும் உண்டு. இங்கிலாந்துத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1947-இல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். தத்துவ அறிஞர்கள் கூடிய சபையில் தான் அக்னாஸ்டிக் என்பார். ஆனால் தெருவில் போகும் சாதாரண மனிதரிடம் பேசினால் நாத்திகர் என்றே சொல்ல வேண்டியிருக்கும், கிரேக்கத் தெய்வங்கள் இல்லை என்பதையும் தன்னால் நிரூபிக்க முடியாதுதானே என்றார்.

தெரியாத நிலையில் ஒருவன் என்ன செய்வது? இதற்குப் பிரான்சின் தத்துவவாதி பாஸ்கல் சொன்ன பதில் உலகப் புகழ் பெற்றது. அவர் இறந்த பின் 1670-இல் வெளியான குறிப்புகளில் அது இருக்கிறது. கடவுள் உண்டென்று பந்தயம் கட்டு. இருந்தால் எல்லையில்லாத லாபம், இல்லாவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை. நம்மிடம் இதைவிட மிகப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து, உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழன் பாடிய புறநானூற்றின் 214-ஆம் பாட்டு. நல்வினை செய்வோமா வேண்டாமா என்று ஐயம் தீராமல் நிற்பவர்கள் துணிவில்லாதவர்கள் என்று தொடங்குகிறான். யானை வேட்டைக்குப் போனவன் யானையோடு வரலாம். குறும்பூழ் என்ற சின்னப் பறவையை வேட்டையாடப் போனவன் வெறுங்கையோடும் வரலாம். ஆகவே பெரிதாக எண்ணிச் செய். மேலுலகம் உண்டென்றால் அந்த இன்பம் கிடைக்கலாம். அது இல்லையென்றால் பிறவாமல் போகலாம். அதுவும் இல்லையென்றாலும், இமயத்துச் சிகரம் போலப் புகழை நட்டுவிட்டுப் பழியில்லாத உடம்போடு சாவது மிக நல்லது.

எனக்குப் பாஸ்கலைவிடச் சோழன் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. பாஸ்கல் நம்பச் சொல்கிறார். லாபம் பார்த்து ஒருவன் நம்பிக்கையை வரவழைத்துக்கொள்ள முடியுமா என்பதே சந்தேகம். சோழன் செய்யச் சொல்கிறான். செய்வது நம் கையில் இருக்கிறது. மூன்று வாசல்களில் எது திறந்திருக்கிறது என்று தெரியாமலே ஒருவன் நல்லபடியாக நடந்துவிட்டுப் போகலாம்.

எதைக்கொண்டு அறிவது?

தெரியுமா என்று கேட்டால், எந்த அளவுகோலால் என்று திருப்பிக் கேட்பது நம் தருக்க மரபின் பழக்கம். காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளை முதன்மையாகச் சொல்வார்கள். நேரில் பார்த்து அறிவது, பார்த்ததைக்கொண்டு ஊகித்து அறிவது, நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது. மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தவரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கும் காட்சி, இந்த அளவைகளைப் பற்றி அளவைவாதி விளக்குவதோடுதான் தொடங்குகிறது. கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்க மாட்டேன் என்று பூதவாதி சொல்லும்போது, உன் தாய் தந்தையை ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று அவள் மடக்குகிறாள். நல்ல கேள்வி. பிறந்ததை யாரும் தன் கண்ணால் பார்ப்பதில்லை.

சரி, இந்த மூன்றையும் கடவுள் மேல் வைத்துப் பார்ப்போம்.

காண்டல். எங்கள் ஊரில் ஆடியில் அருள் வந்து ஆடுகிறவர் இருக்கிறார். அவர் நடிக்கிறார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த நேரத்தில் அவருக்கு நடப்பது அவருக்கு உண்மை. ஆனால் அவருக்குள் நடப்பதை நான் பார்க்க முடியாது. அவர் பார்த்தது வேடியப்பனையா, தன் மனசின் ஆழத்தையா என்று அவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அனுபவம் நடந்தது என்பது உறுதி. அது எதனுடைய அனுபவம் என்பது உறுதியில்லை.

உரை. வேதமும் குர்ஆனும் பைபிளும் திருமுறையும் சொல்கின்றன. ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கும் இடங்களில் எதை ஏற்பது என்று முடிவு செய்ய, உரைக்கு வெளியே ஓர் அளவுகோல் வேண்டியிருக்கிறது. ஆகவே சுற்றிச் சுற்றி ஊகத்துக்குத்தான் வந்து நிற்போம்.

கருதல்தான் வளமான இடம். தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் மலையில் புகை தெரிந்தால் காட்டில் தீ என்று சொல்லிவிடுகிறோம். புகையையும் தீயையும் முன்னால் பலமுறை சேர்த்துப் பார்த்திருக்கிறோம். குடத்தைப் பார்த்தால் குயவன் ஒருவன் இருக்க வேண்டும் என்கிறோம். அதேபோல உலகம் என்ற காரியத்துக்கு ஒரு கர்த்தா வேண்டும் என்பது நியாயம் என்ற தருக்க மரபின் வாதம். அவன், அவள், அது என்று சுட்டப்படும் இந்த உலகம் தோன்றி நின்று அழிவதால் அதைச் செய்பவன் ஒருவன் உண்டு என்றுதான் மெய்கண்டாரின் சிவஞானபோதமும் தொடங்குகிறது. இதற்கு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம், அவர் இறந்த பின் 1779-இல் வெளியான நூலில், எழுப்பிய தடை மிக எளிமையானது. குயவன் குடம் செய்வதை நாம் பார்த்திருக்கிறோம். உலகங்கள் செய்யப்படுவதை யாரும் பார்த்ததில்லை. நமக்குத் தெரிந்தது ஒரே ஓர் உலகம். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, இப்படிப்பட்டதற்கு இப்படிப்பட்ட கர்த்தா என்று விதி சொல்வது எப்படி?

அப்படியே ஊகித்தாலும் எப்படிப்பட்ட கர்த்தா கிடைப்பான்? ஒரு வீட்டில் சாவுப் பறை, பக்கத்து வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், இன்னொருத்தி கண்ணீர் விடுகிறாள். இதைப் பார்த்த சங்கப் புலவர் பக்குடுக்கை நன்கணியார் செய்த ஊகம் 'படைத்தோன் மன்ற அப்பண்பி லாளன்' என்பது. உலகத்தைப் பார்த்துப் படைத்தவனை ஊகித்தால், கருணைக் கடலும் கிடைக்கலாம், பண்பில்லாதவனும் கிடைக்கலாம். ஒரே சான்று இரண்டு பக்கமும் சாய்கிறது என்றால் அது சான்றாகப் போதாது.

சோதித்துப் பார்க்க முடிந்ததும் முடியாததும்

ஔவையாரின் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரு விடை காணும் முறை உண்டு. வெட்டுவதற்கு முன் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது, உத்தரவு ஆகிவிட்டது. உதறாவிட்டால் இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றுவார்கள். அப்புறம் இன்னொரு தடவை. ஈரம் காதில் இறங்கினால் எந்த ஆடும் ஒரு கட்டத்தில் உதறத்தான் செய்யும். 'ஏற்கவில்லை' என்ற பதில் வரவே வழியில்லாத கேள்வி அது. மழைக்காகக் கொடும்பாவி இழுப்பதும் அப்படித்தான். என்றைக்காவது மழை பெய்யும். பெய்த அன்று, இழுத்ததற்குப் பலன் என்பார்கள். இதைச் சொல்வதால் ஊர்க்காரர்களைக் குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏற்பானா என்று கேட்க வேண்டும் என்று தோன்றியதே, அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன்.

தோல்வி வருவதற்கும் வழி வைத்துச் சோதித்தவர்கள் உண்டு. 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இவற்றில் பெரியது. இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்காகப் பிரார்த்தனை நடந்தது, இன்னொரு பிரிவுக்கு நடக்கவில்லை. தங்களுக்கு நடக்கிறதா என்பது இரண்டு பிரிவுக்கும் தெரியாது. சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல் முதல் பிரிவில் 52 விழுக்காடு, இரண்டாவதில் 51 விழுக்காடு. உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம் என்று சொல்லிவிட்டே பிரார்த்தித்த மூன்றாவது பிரிவில் 59 விழுக்காடு. பிரார்த்தனையால் பலன் தெரியவில்லை. ஆனால் இதிலிருந்து கடவுள் இல்லை என்று முடிவு கட்டினால் அதுவும் எல்லை தாண்டல்தான். முகம் தெரியாதவர்கள் இப்படி வேண்டினால் சிக்கல் குறையும் என்ற ஒரு கூற்று தோற்றது, அவ்வளவுதான். கடவுள் என்ற ஒரு சொல்லுக்குள் நூறு கூற்றுகள் இருக்கின்றன. சில சோதிக்கத் தக்கவை, அவற்றுக்கு விடை கிடைக்கும். சில எந்தச் சோதனைக்கும் பிடி கொடுக்காதவை.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். இன்றைக்குத் தெரியாதது வேறு, என்றைக்குமே தெரிய முடியாதது வேறு. எங்கள் பெரியப்பா ஐம்பது வயதில் முதுகு வளைந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் ஆனார். ஊரில் பாதிப் பேருக்குப் பல்லில் காவி நிறக் கறை. சாமி குத்தம் என்றார்கள், போன ஜென்மத்துப் பாவம் என்றார்கள். உண்மையில் அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. ஃபுளோரோசிஸ் என்ற, எலும்பை வளைக்கும் இந்த நோயை அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் 1937-லேயே மருத்துவர்கள் கண்டு எழுதிவிட்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரித் தண்ணீர் தரும் ஒகேனக்கல் திட்டம் 2013-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பது இருக்கிறது. 'யாரு கண்டா' என்று பெரியப்பா விஷயத்தில் நாங்கள் சொல்லியிருக்கக் கூடாது. கண்டவர்கள் இருந்தார்கள், நாங்கள் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

பெரிய அறிஞர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். நட்சத்திரங்கள் எந்தப் பொருளால் ஆனவை என்பதை மனிதனால் ஒருபோதும் அறிய முடியாது என்று பிரெஞ்சுத் தத்துவவாதி ஒகுஸ்த் கோம்த் 1835-இல் எழுதினார். 1859 வாக்கில் ஜெர்மன் அறிவியலாளர்கள் கிர்க்காஃபும் புன்செனும் ஒளியைப் பிரித்தே பொருளை அறியும் வழியைக் கண்டுவிட்டார்கள். 1868 ஆகஸ்டில் வந்த முழுச் சூரிய கிரகணத்தை ஆந்திரத்தின் குண்டூரிலிருந்து பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், சூரிய ஒளியில் ஒரு புதிய மஞ்சள் கோட்டைப் பதிவு செய்தார். பின்னால் ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்தின் கோடு அது. அடுத்த வருஷம்தான் ஹக்ஸ்லி தன் சொல்லை உண்டாக்கினார். ஆகவே 'எனக்குத் தெரியாது' என்பதோடு நிறுத்திக்கொள்வது ஒரு நிலை. 'யாருக்கும் எப்போதும் தெரிய முடியாது' என்பது அதைவிடப் பெரிய கூற்று. கடவுளைப் பற்றி எதுவும் தெரியாதென்றால், அவர் அறியப்படவே முடியாதவர் என்பது மட்டும் எப்படித் தெரிந்தது?

அந்தப் பெரிய கூற்றுக்கு உருப்படியான காரணம் காட்டியவர் ஜெர்மன் தத்துவவாதி கான்ட். 1781-இல் வந்த நூலில் அவர் சொன்னது: நாம் எதை அறிந்தாலும் இடம், காலம், காரண காரியம் என்ற நம் மனத்தின் அச்சுகளில் வார்த்துத்தான் அறிகிறோம். இடத்துக்கும் காலத்துக்கும் அப்பால் என்று சொல்லப்படும் ஒன்று அந்த அச்சுக்குள் வரவே வராது. எனவே கடவுள் உண்டு என்ற நிரூபணமும் செல்லாது, இல்லை என்ற நிரூபணமும் செல்லாது. கருவி போதாததால் வரும் இந்த அறியாமை, பெரியப்பாவின் முதுகு விஷயத்தில் எங்களுக்கு இருந்த அறியாமையைப் போன்றது இல்லை. அது விசாரித்தால் தீர்ந்திருக்கும். கான்ட் சொல்வது தீருமா என்பதுதான் இன்றுவரை நடக்கும் வழக்கு.

பக்தர்களின் 'அறியொணாது'

அறிய முடியாது என்பதைப் பக்தர்களும் சொல்லியிருக்கிறார்கள். சமணத்திலும் இருந்து பார்த்து, சைவத்துக்குத் திரும்பிய அப்பர், 'இப்படியன் இந்நிறத்தன் இவ்வண்ணத்தன் இவனிறைவன் என்றெழுதிக் காட்டொ ணாதே' என்றார். நம்மாழ்வார் இன்னும் துணிந்து, 'உளன்எனில் உளன்அவன்' என்று தொடங்கி, 'உளன்அலன் எனில்' அதுவும் அவன் அருவ நிலைதான் என்று முடித்தார். அடிமுடி தேடிய கதையில் பிரமனாலும் திருமாலாலும்கூட எல்லையைக் காண முடியவில்லை. படிக்கும்போது ஹக்ஸ்லிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அப்பரின் வரியில் ஒரு வாசல் திறந்திருக்கிறது: 'அவனருளே கண்ணாகக் காணின் அல்லால்'. அருள் என்ற இன்னொரு கண்ணால் காணலாம் என்கிறார். அவர் எழுதிக் காட்ட முடியாது என்றாரே தவிர, தெரியாது என்று சொல்லவில்லை. ஹக்ஸ்லியிடம் அந்தக் கண் இல்லை. அப்படி ஒரு கண் உண்டா என்பதே அவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் பேசும் மொழி ஒன்று போல இருப்பதை வைத்து இருவரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள் என்று சமரசம் செய்வது இருவருக்கும் அநியாயம்.

உண்மையான ஐயம் வேதத்திலேயே இருக்கிறது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 129-ஆவது சூக்தம், இந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போய், மேலே பரம ஆகாயத்திலிருந்து கண்காணிப்பவன் அறிவான், ஒருவேளை அவனும் அறியானோ என்று நின்றுவிடுகிறது. கடவுளுக்கே 'கொல்லோ' போட்ட இடம் அது. கிரேக்கத்தில் புரோட்டகோரஸ், தெய்வங்கள் உண்டா இல்லையா என்று அறிய எனக்கு வழியில்லை, விஷயம் தெளிவற்றது, மனித ஆயுளும் குறுகியது என்றார். நம் அதியமானையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லிக்கனி வாங்கிய ஔவையார் நீலமணி மிடற்றுச் சிவனைப் போல வாழ்க என்று அவனை வாழ்த்தினார். அதே அதியமான் நெடுமான் அஞ்சி துறவிகளுக்குப் பாளி, அதாவது குகைத் தங்கிடம், கொடுத்ததை, 1981-இல் கண்டெடுத்த ஜம்பைக் கல்வெட்டு சொல்கிறது. அது சமணத் துறவிகளுக்கு என்று கொள்கிறார்கள். உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதைச் சமணம் ஏற்பதில்லை.

நடுவில் நிற்பவர் மேல் இரண்டு பக்கமும் சுமத்தும் குற்றம் ஒன்றுதான்: இவர் பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு. இந்த உவமை பழையது. எதைக் கேட்டாலும் அப்படியும் சொல்லமாட்டேன், இப்படியும் சொல்லமாட்டேன் என்று நழுவிய, புத்தர் காலத்து ஆசிரியர் சஞ்சய பேலட்டிபுத்தரைப் போன்றவர்களை பௌத்த நூல்களும் விலாங்கு போல நெளிபவர்கள் என்றே திட்டுகின்றன. குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆத்திகர் வீட்டில் ஆத்திகமும் பகுத்தறிவு மேடையில் நாத்திகமும் பேசுவதற்கு 'தெரியாது' வசதியான போர்வைதான். ரஸ்ஸல் 1952-இல் சொன்ன தேநீர்க் கெண்டி உதாரணமும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில், எந்தத் தொலைநோக்கிக்கும் சிக்காத ஒரு கெண்டி சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால், இல்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதற்காக உண்டுக்கும் இல்லைக்கும் சரிபாதி வாய்ப்பு என்று ஆகிவிடாது. தெரியாது என்பதற்கு அர்த்தம் ஐம்பதுக்கு ஐம்பது இல்லை. இந்தக் கிடா உதறியது சாமியின் உத்தரவா என்று கேட்டால், இல்லை என்றே நினைக்கிறேன் என்று நான் சொல்லிவிடுவேன். இந்தப் பிரபஞ்சம் ஏன் இருக்கிறது என்று கேட்டால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. விலாங்குக்கும் நேர்மையான ஐயத்துக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. தெரிந்த இடத்தில் தெரியும் என்று சொல்லிவிட வேண்டும், அது யாருக்குப் பிடிக்காவிட்டாலும்.

நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர் கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், இல்லையென்றால் உளமார உறுதி கூறலாம். 1969-இன் சட்டம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் அப்படி இல்லை. 'சாமி அறியச் சொல்றேன்' என்றுதான் தொடங்க வேண்டும். கடவுளை நாம் அறிய முடியுமா என்று இவ்வளவு பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த வாக்கியத்தில் அறிகிறவர் கடவுள். எனக்கு அது பிடிக்கும், அதை நம்ப முடியாதபோதும்.

ஆயா போன தை மாதம் இறந்துபோனாள். பதினாறாம் நாள் படையலுக்கு அவளுக்குப் பிடித்த ராகிக் களியும் கொள்ளுக் கடைசலும் செய்தோம். சித்தப்பா என்னைத்தான் இலையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நீ இதெல்லாம் நம்பமாட்டியே என்று யாரும் கேட்கவில்லை. புங்க மரத்தடிக்குப் போய், வேடியப்பனுக்கு எதிரில் இலையை விரித்து, களியை உருண்டை பிடித்து வைத்து, காக்கையைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒன்று வந்து மரத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தது. நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன். மனசுக்குள் ஓடியது ஒரே வரி: கொள்வாள் கொல்லோ.